பேனல் பார்க்கும் தெர்மல் கேமராவில் கப்பல் ஏன் தெரியவில்லை?

கேள்வி: வாலாஜா_வயர்மேன்

வணக்கம். ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர் வரை தோல் ஷாப்புகளில் மின்பேனல் சோதிப்பதுதான் என் பிழைப்பு. லோடு ஓடும்போதே கதவைத் திறந்து, சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராவைப் பிடித்தால், பஸ்பாரில் (மின்சாரம் போகும் உலோகப் பட்டையில்) எந்த போல்ட் லூசோ அது மட்டும் திரையில் பளிச்சென்று ஒளிரும். போன மாதம் ஒரு டிரம் மோட்டாரை ஓடவிட்டு நிறுத்தும் சுவிட்சான கான்டாக்டரில் மூன்று பேஸில் ஒன்று மட்டும் 94 டிகிரி, மற்ற இரண்டும் 50க்குள். கையில் இருப்பது 160க்கு 120 பிக்சல், 25 டிகிரி லென்ஸ். தவணை இன்னும் நாலு பாக்கி.

சித்திரை லீவுக்குத் திருவொற்றியூரில் மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தோம். ஐந்தாவது மாடி, பால்கனியில் நின்றால் கடல். பாலாற்றில் தண்ணீர் வந்தாலே வேடிக்கை பார்க்கக் கிளம்புகிற ஆட்கள் நாங்கள்; அங்கே ஏழெட்டுக் கப்பல் நங்கூரம் போட்டு நின்றன. சாயங்காலம் ஆறரை இருக்கும். "இருடா, மாமா கப்பலுக்கு ஜுரம் பார்த்துச் சொல்றேன்" என்று மச்சினன் பையனிடம் வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

முதலில் கண்ணாடிக் கதவை மூடிக்கொண்டே காட்டினேன். திரையில் என் வழுக்கைதான் ஒளிர்ந்தது. சரி என்று கதவைத் திறந்தால், பால்கனிக் கைப்பிடிச் சுவர் ஒரே வெள்ளை, கடலும் வானமும் ஒரே ஊதா. கப்பல் இருக்கும் இடத்தில் புள்ளிகூட இல்லை. திரை நடுவே சூட்டைக் காட்டும் ஸ்பாட் 28.6 டிகிரி என்றது. கப்பல் ஆப்பில் பார்த்தேன்: கிட்டத்தில் இருப்பதே 9 கிலோமீட்டர். "கேமராவுக்குத்தான் கண்ணு தெரியல மாமா" என்றான் பையன்.

அவ்வளவு பெரிய இன்ஜின், புகைபோக்கி, எப்படித் தெரியாமல் போகும்? கேமரா போச்சா, என் புத்தி போச்சா?

பதில்: காட்பாடி_லென்ஸ்

இரண்டும் போகவில்லை சார். உங்கள் கேமராவில் 25 டிகிரியை 160 பிக்சல் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு பிக்சல் 9 கிலோமீட்டரில் சுமார் 25 மீட்டர் அகலத்தை விழுங்கும். உங்கள் கண் அதே தூரத்தில் இரண்டரை மீட்டரைப் பிரித்துப் பார்க்கும். வெறும் கண்ணுக்குத் தெரிந்தது கேமராவுக்குத் தெரியாததன் பாதிக் கதை இதுதான். புகைபோக்கி அந்த 25 மீட்டர் கட்டத்துக்குள் ஒரு மூலை. கடலோடு கலந்து சராசரியாகிவிடும். பேனலில் ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது ஒரு பிக்சல் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு, அதனால்தான் போல்ட் தெரிகிறது.

1958இல் ஜான் ஜான்சன் என்பவர் அமெரிக்க ராணுவத்துக்காக இதை ஆராய்ந்தார். "ஏதோ இருக்கிறது" என்று சொல்லவே பொருளின் குறுக்கே 2 பிக்சலாவது விழ வேண்டும், என்ன வகை என்று சொல்ல 8 வேண்டும் என்பது, இன்றைய பிக்சலில் சொன்னால், அவர் கணக்கு.

அப்புறம் நேரம். ஆறரை மணி என்றால் வெயிலில் காய்ந்த இரும்பு ஆறிக்கொண்டே வந்து கடலின் சூட்டைத் தொடும் வேளை. காலையில் வெயில் ஏறியதும் இதே மாதிரி இன்னொரு தடவை நடக்கும். அந்தக் கொஞ்ச நேரம் கப்பல் மேல்தகடும் தண்ணீரும் கேமராவுக்கு ஒன்றுதான்.

கைப்பிடிச் சுவர் வெள்ளை என்றீர்களே, அதுவும் ஒரு வில்லன். ஆட்டோ மோடில் விட்டால் கேமரா அந்தச் சுடு சிமென்ட்டையும் சேர்த்து நிறம் பிரிக்கும். கடலுக்கு ஒரே ஒரு ஊதாதான் மிஞ்சும். மேனுவலில் போட்டு 25 முதல் 31 டிகிரிக்குள் பூட்டிவிடுங்கள். ஜன்னல் கண்ணாடி, நம் கேமரா பார்க்கும் அகச்சிவப்புக் கதிருக்குச் சுவர் மாதிரி. உங்கள் லென்ஸைக் கண்ணாடியில் செய்யாமல் ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்ததே அதனால்தான்.

பதில்: குடியாத்தம்_மாலுமி

தம்பி, 29 வருடம் கப்பல் இன்ஜின் ரூமில் வெந்தவன் சொல்கிறேன். நங்கூரத்தில் நிற்கிற கப்பலில் மெயின் இன்ஜின் ஓடாது. ஜெனரேட்டரும் சின்ன பாய்லரும்தான். ஓடுகிற கப்பலில்கூட டர்போசார்ஜர் தாண்டி 250 டிகிரிப் பக்கம் வரும் புகையின் சூட்டை பாய்லர் இன்னும் உறிஞ்சிவிடும். குழாய் மேலெல்லாம் லேகிங் (சூடு வெளியே வராமல் தடுக்கும் உறை) சுற்றியிருப்போம். வெளித்தகடு நீங்கள் நினைக்கிற அளவு கொதிக்காது.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. நங்கூரத்தில் கப்பல் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் முகம் கொடுத்துத் திரும்பி நிற்கும். சாயங்காலம் கடற்காற்று அடித்தால் மூக்கு கடல் பக்கம், உங்களுக்குப் பின்பக்கம். 180 மீட்டர் கப்பலில் உங்களுக்குக் கிடைப்பது 30 மீட்டர் அகலம். காட்பாடிக்காரர் கணக்குப்படி அது ஒரே பிக்சல். விடியற்காலை தெற்குக் காற்றில் பக்கவாட்டில் நின்றால் முழு நீளமும் கிடைக்கும். பாமாயில் டேங்கர் கிடைத்தால் இன்னும் நல்லது. உறையாமல் இருக்கச் சரக்கைச் சூடாக்கிக்கொண்டே வருவார்கள், தகடே வெதுவெதுப்பாக இருக்கும்.

பதில்: ஆலங்காயம்_மலைக்காரன்

எங்கள் மலை மேல் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, 1986இலிருந்து. அகச்சிவப்பு என்றாலே அங்கு வருகிறவர்கள் முதலில் திட்டுவது அதை விழுங்கும் நீராவியைத்தான். காவலூர் 725 மீட்டர் உயரம்தான். லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டரில், இன்னொரு தொலைநோக்கி வைத்ததற்கு அங்குள்ள காய்ந்த காற்று ஒரு முக்கியக் காரணம்.

நீங்கள் பார்த்ததோ கடல்மட்டத்தில், படுக்கைவாட்டில். சித்திரைப் புழுக்கத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 20 கிராம் நீராவி என்று வைத்தால், 9 கிலோமீட்டருக்கு ஒரு சதுர மீட்டர் குழாய் முழுக்க 180 கிலோ தண்ணீர். அதற்குள் புகுந்து கப்பலின் சூடு உங்களிடம் வர வேண்டும்.

பதில்: வாலாஜா_வயர்மேன்

அப்படியானால் கடற்படைக்காரர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

பதில்: காட்பாடி_லென்ஸ்

பெரும்பாலும் 3 முதல் 5 மைக்ரான் அலைநீளத்தைப் பார்க்கும் கேமராவில். நம்முடையது 8 முதல் 14. புழுக்கமான நீண்ட தூரத்தில் நீராவி நம் பட்டையைத்தான் அதிகம் தின்கிறது. அவர்கள் இண்டியம் ஆன்டிமோனைடு சென்சரை 77 கெல்வின் வரை, அதாவது மைனஸ் 196 டிகிரிக்குக் குளிரவைத்து, முழங்கை நீள லென்ஸ் மாட்டுவார்கள். விலை கேட்காதீர்கள், உங்கள் தவணை சின்னதாகத் தெரியும். நம் வகையிலேயே 12 மைக்ரான் அளவுள்ள பிக்சலும் 100 மில்லிமீட்டர் லென்ஸும் இருந்தால் 9 கிலோமீட்டரில் ஒரு பிக்சல் ஒரு மீட்டர்தான்.

பதில்: வாலாஜா_வயர்மேன்

வைகாசியில் ஒரு கல்யாணத்துக்கு மறுபடி போனேன். மூன்று நாளும் விடியற்காலை நாலரைக்கு எழுந்தேன். வீட்டுக்காரம்மா ஏதோ முணுமுணுத்தார், காதில் வாங்கவில்லை. கதவைத் திறந்து வைத்து, 25 முதல் 31 வரை பூட்டி, கைப்பிடிச் சுவரைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளினேன். முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் ஒரு கப்பல், ஆப்பில் 6 கிலோமீட்டர், 183 மீட்டர் நீளம், மாலுமி ஐயா சொன்னபடியே பக்கவாட்டில்.

திரையில் பதினோரு கட்டம் நீளத்துக்கு ஒரு கோடு. எதிர்பார்த்ததற்குத் தலைகீழாக, கடலைவிடக் கறுப்பு! ராத்திரி முழுக்க வானத்தைப் பார்த்து ஆறிய தகடு போலிருக்கிறது. இடது ஓரத்தில் ஒரே ஒரு கட்டம் மட்டும் மஞ்சள். ஜெனரேட்டர் புகைபோக்கியாகத்தான் இருக்க வேண்டும்.

காலையில் பையன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "இது கப்பலா மாமா? உங்க பேனல்ல ஃபியூஸ் ஒண்ணு சூடான மாதிரி இருக்கு."