லிப்ட் மேலயும் கீழயும் ஏன் ஆடுது?

தேவகோட்டையான்:
மச்சான் கூட துபாய் போனப்ப புர்ஜ் கலிஃபா லிப்ட்ல ஏறுனேன், செகண்டுக்கு 10 மீட்டராம், காது அடைச்சுச்சே ஒழிய ஆட்டமே தெரியல. இங்க காரைக்குடில கல்யாணத்துக்குத் தங்குன லாட்ஜ்ல நாலு மாடி ஏறுறதுக்குள்ள குலுக்கி எடுத்துருச்சு. வேகமா போறதுதானே அதிகமா ஆடணும்?

லிப்ட்காரன்:
ரெண்டும் வேற வேற ஆட்டம்ணே. லாட்ஜ்ல பழைய மோட்டாரா இருக்கும், வேகத்த மெதுவா ஏத்தி இறக்குற ட்ரைவ் இல்லாம நேரா ஆன் ஆகி பிரேக் புடிச்சு நிக்கும், அதான் வெட்டுது. உயரமான கட்டடத்துல வில்லங்கமே ரோப்புதான், ஸ்டீல் ரோப் ஸ்பிரிங் மாதிரி நீளும், கார், அதான் நாம நிக்கிற பெட்டி, கீழ இருக்கப்ப ரோப் நீளமா இருக்கதால மெதுவா ஆடும், மேல ஏற ஏற ரோப் குறைஞ்சு விறைப்பாகி ஆட்டம் வேகமாகும், இடையில எங்கயாச்சும் ரோப் ஓடுற சக்கரம், அதான் புல்லி, சுத்துற வேகத்தோட ஒத்துப்போச்சுன்னா அங்க மட்டும் நடுங்கும். 1 மீட்டர் விட்டம் புல்லில ரோப்ப நேரா காருக்குக் கட்டியிருந்தா 10 மீட்டர் வேகத்துக்கு செகண்டுக்கு 3 சுத்துக்கு மேல வரும், புல்லி லேசா கோணலா இருந்தாக்கூட சுத்துக்கு ஒரு தட்டு. செகண்டுக்கு 4ல இருந்து 8 தடவை வரைக்கும் ஆடுற மேல்கீழ் ஆட்டம்தான் மனுஷ உடம்புக்கு ரொம்ப உறைக்கும். புர்ஜ்ல இதையெல்லாம் பாத்துப் பாத்து செஞ்சிருப்பாங்க, காசு அப்படி!

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, எங்க வீட்டுக்கு லிப்ட் போடுறோம், ஒரே மாடிதான். இதெல்லாம் பாக்கணுமாப்பா?

லிப்ட்காரன்:
வேணாம் ஆச்சி, உங்களுக்கு ரோப்பே கொஞ்சந்தான். பெட்டி புடிச்சு ஓடுற ரயில் கம்பிய தூக்குக்குண்டு வச்சு நேரா நிறுத்துறாங்களான்னு மட்டும் பாருங்க, அது கோணுனா பக்கவாட்டுல ஆடும். அப்பறம் ஆத்தங்குடிக் கல்லப் பேக்குறதுக்கு முன்னாடி லிப்டுக்கு அடில தோண்டுற குழி எவ்வளவு ஆழம்னு கேட்டுக்கங்க.