பாலே டான்ஸ்ல அந்த வெள்ளை டிரஸ் எப்ப வந்துச்சு?

மொட்டைமாடி: பழைய பாலே படங்கள்ல எல்லாரும் முழங்காலுக்கு கீழ இறங்குற வெள்ளை பாவாடையிலயே இருக்காங்களே, இப்ப பாக்குற தட்டையான குட்டை டுட்டு (பாலே பாவாடை) அப்ப இல்லையா?

பஞ்சுமிட்டாய்: இல்ல, குட்டை டுட்டு 19ஆம் நூற்றாண்டு கடைசிலதான், முழுசா தட்டையானது அதுக்கும் அப்புறம்தான். 1832ல பாரிஸ் ஓபரால 'லா சில்ஃபீட்'னு ஒரு பாலே, அதுல மரி டாக்லியோனிங்கிற டான்ஸர் போட்ட டிரஸ்தான் செம ஃபேமஸ் ஆச்சு, டைட்டான மேல்சட்டை, மணி மாதிரி விரியுற மெல்லிசு பாவாடை, முதுகுல குட்டியா ரெக்கை, ஏன்னா கதைல அவங்க காத்துல திரியுற தேவதை. 1841ல வந்த 'ஜிசெல்' ரெண்டாவது ஆக்ட்லயும் இதே வெள்ளைதான்

ஓரமா நிக்கிறேன்: ஷூவ விட்டுட்டீங்களே! இப்ப மாதிரி கெட்டி முனை கிடையாது, வெறும் சாட்டின் செருப்பு, முனைய சுத்தி நூலால தச்சு தச்சு கெட்டியாக்கிக்குவாங்க, அதுலதான் விரல் நுனில நின்னாங்க. நினைச்சாலே வலிக்குது

பஞ்சுமிட்டாய்: ஆமா. அதவிட கொடுமை, மேடைல கேஸ் லைட், இந்த துணியோ பட்டுனு பத்திக்கும். டாக்லியோனியோட சிஷ்யை எம்மா லிவ்ரிக்கு 1862ல ரிகர்சல்ல பாவாடைல தீப்பிடிச்சு, எட்டு மாசம் அவதிப்பட்டு இறந்துட்டாங்க, வயசு 20தான். துணிய படிகாரம் கரைச்ச தண்ணில முக்கி எடுத்தா சீக்கிரம் பத்தாதுன்னு அப்பவே தெரியும், ஆனா துணி மங்கி விறைப்பாயிடும்னு அவங்களே வேணாம்னுட்டாங்க

மொட்டைமாடி: அடப்பாவமே