சின்ன டேபிள் சா வாங்கப் போகிறேன், எதைப் பார்த்து எடுப்பது?

இளங்கோ:
வணக்கம். புத்தக அலமாரி, சாமான் பெட்டி, மகளுக்குப் படிக்கும் மேஜை என்று வீட்டுக்கு வேண்டியதை நானே செய்து பழக ஆசை. கையில் இருப்பது கைரம்பமும் ஜிக்சாவும்தான். நீளமாக, நேராக அறுக்க வேண்டி வந்தால் இரண்டுமே கோட்டை விட்டு விலகிவிடுகின்றன. அதனால் மேஜைமேல் வைக்கிற சின்ன டேபிள் சா (தட்டின் நடுவே வட்ட பிளேடு நீட்டிக்கொண்டு சுற்றும், பலகையை அதை நோக்கித் தள்ளி அறுக்கும் மெஷின்) எடுக்கலாம் என்று இருக்கிறேன். பெரும்பாலும் 18 மி.மீ. பிளைவுட், கொஞ்சம் மரச்சட்டம். 8¼ அங்குல பிளேடு போதுமா, 10 அங்குலமா? எத்தனை வாட்? இன்னொன்றும் கேட்க வேண்டும். வீடியோக்களில் பலர் பிளேடு மேலுள்ள மூடியைக் கழற்றிவிட்டே அறுக்கிறார்கள். அது வேலைக்கு அவ்வளவு இடைஞ்சலா? வீட்டில் 7 வயதுப் பிள்ளை இருக்கிறாள்.

சட்டமும் பலகையும்:
ஒன்று மட்டும் சொல்கிறேன். 8க்கு 4 அடி முழு ஷீட்டைச் சின்ன மெஷின்மேல் ஏற்றாதீர்கள். பாதி ஷீட் வெளியே தொங்கும், தனி ஆளால் தாங்க முடியாது. தரையில் தெர்மாகோல் விரித்து, நேரான பட்டையை கிளாம்ப் போட்டு, சர்குலர் சாவால் (கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பம்) முதலில் துண்டு போடுங்கள். அளவுக்குக் கொண்டுவருவதை டேபிள் சாவில் செய்யலாம். மாதம் ஒரு பெட்டி செய்பவருக்கு சர்குலர் சாவே போதும் என்பேன்.

மரகதம்:
இளங்கோ தம்பி, வாட்டும் அங்குலமும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். 8¼ அங்குல பிளேடே 60 மி.மீ.க்கு மேல் ஆழம் அறுக்கும், உங்கள் 18 மி.மீ. பலகைக்கு அது தாராளம். நான் ஒரு மெஷினைப் பார்க்கப் போனால் முதலில் ஃபென்ஸில்தான், பலகையை ஒட்டித் தள்ளுகிற அந்த நேரான பக்கச் சட்டத்தில்தான், கை வைப்பேன். அதைப் பூட்டிவிட்டு, பின்முனையைப் பிடித்து பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் அந்த மெஷின் வேண்டாம், எத்தனை வாட் இருந்தாலும் சரி.

அடுத்தது ரைவிங் நைஃப், பிளேடுக்குப் பின்னால் நிற்கும் அந்த மெல்லிய தகடு. பிளேடு ஏறி இறங்கும்போது அதுவும் கூடவே ஏறி இறங்க வேண்டும். அது இல்லாத மெஷினைத் தொடவே வேண்டாம். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கிக்பேக், அதாவது பலகை நம் மேலேயே திருப்பி எறியப்படுவது, எங்கே பிறக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே புரியும். முன்பக்கப் பற்கள் பலகையைக் கீழே அழுத்துகின்றன. பின்பக்கப் பற்கள் மேலே ஏறி வருகின்றன. அறுத்த வாய் மூடிக்கொண்டாலோ, பலகை ஃபென்ஸை விட்டுத் திரும்பினாலோ, அந்தப் பின்பக்கப் பற்கள் அதைக் கவ்வித் தூக்கி உங்கள் பக்கம் எறியும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,800 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் மணிக்கு சுமார் 230 கி.மீ. அந்த நேரத்தில் கையை இழுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பலகை பறக்கும்போது அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை பிளேடு பக்கம் போய்விடுகிறது. ரைவிங் நைஃப் அறுத்த வாயை மூடவிடாது, பலகையைப் பின்பற்களில் சாயவும் விடாது. பிளேடு மாற்றினால் தகட்டில் பொறித்திருக்கும் அளவைப் பாருங்கள்: பிளேடின் உடலைவிடத் தடிமனாகவும், அது வெட்டும் வாயைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும்.

மூடியைக் கேட்டீர்கள். பலகையைத் துண்டாக்குகிற எந்த அறுப்புக்கும் அதைக் கழற்றத் தேவையே இல்லை. பலகையை முழுதாக அறுக்காமல் காடி (நீளப் பள்ளம்) எடுக்கும்போதுதான் அது தடுக்கும். அப்போதும் ரைவிங் நைஃபைப் பிளேடைவிடச் சற்றுக் கீழே இறக்கி வைத்துக்கொள்ளலாம். வீடியோவில் கழற்றுவது கேமராவுக்குப் பிளேடு தெரிய வேண்டும் என்பதற்காகவும் இருக்கலாம். உங்களுக்கு அந்த அவசியம் இல்லை.

என் பட்டறைக்குப் பழக வருகிறவர்களை முதலில் பிளக்கைப் பிடுங்கி, பிளேடைக் கீழே இறக்கிவிட்டு, அறுப்பதுபோலச் செய்து பார்க்கத்தான் சொல்வேன். பலகையை முழுதாகத் தள்ளிப் போகட்டும். கால் எங்கே நிற்கிறது, கை எங்கே முடிகிறது, புஷ் ஸ்டிக்கை (கைக்குப் பதில் பலகையைத் தள்ளும் குச்சி) எப்போது எடுக்கிறோம் என்று பார்க்கட்டும். பிளேடின் நேர்க்கோட்டில் நிற்கக் கூடாது, ஓரமாக நிற்க வேண்டும். கை பிளேடுக்கு 15 செ.மீ. நெருங்கும் முன்பே புஷ் ஸ்டிக் கைக்கு வந்துவிட வேண்டும். பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் இருக்கும் துண்டைத்தான் கடைசிவரை தள்ள வேண்டும். கையுறை கூடாது, பல் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். கண்ணாடி, காது அடைப்பான், தூசிக்கு முகக்கவசம் மூன்றும் வேண்டும். பிளைவுட், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.

மகளுக்காக: பல மெஷின்களில் சுவிட்சின் மஞ்சள் சாவி தனியே கழன்று வரும். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, பிளேடை மேஜைக்குக் கீழே இறக்கி, சாவியை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் ஓடும்போது அவள் அந்த இடத்தில் இருக்கவே கூடாது.

இளங்கோ:
மிக்க நன்றி அக்கா. கடையில் ஒரு மெஷினில் நீங்கள் சொன்னபடி தள்ளிப் பார்த்தேன், ஃபென்ஸ் அசைந்தது. விட்டுவிட்டேன். வேறொன்று கெட்டியாக நின்றது. அதை எடுத்தால், ஃபென்ஸ் பிளேடுக்கு நேராக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? சட்டத்தைக் குறுக்கே வெட்டும்போது அளவுக்கு ஃபென்ஸை வைத்துக்கொள்ளலாமா?

மரகதம்:
பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு பல்லில் மார்க்கர் வையுங்கள். அந்தப் பல்லை முன்பக்கம் கொண்டுவந்து மைட்டர் பள்ளத்திலிருந்து (தட்டில் பிளேடுக்கு இணையாக ஓடும் பள்ளம்) அளந்து, பிறகு அதே பல்லைப் பின்பக்கம் சுற்றி மறுபடி அளங்கள். இரண்டும் ஒன்றானால் பிளேடு சரி. பிறகு ஃபென்ஸையும் அதே பள்ளத்திலிருந்து இரண்டு முனையிலும் அளங்கள். பின்முனை மயிரிழை விலகினால் பரவாயில்லை, பிளேடு பக்கம் மட்டும் சாயக் கூடாது.

குறுக்கே வெட்டும்போது மைட்டர் கேஜும் (அந்தப் பள்ளத்தில் ஓடி, சட்டத்தைக் குறுக்கே தள்ளும் தாங்கி) ஃபென்ஸும் சேர்த்து வேண்டவே வேண்டாம். வெட்டிய துண்டு நடுவில் சிக்கித் திரும்பும். அளவு வேண்டுமானால் ஃபென்ஸில் பிளேடுக்கு நன்றாக முன்னாலேயே ஒரு கட்டையை கிளாம்ப் போடுங்கள். சட்டம் அதில் முட்டி அளவு எடுத்துக்கொண்டு, பிளேடைத் தொடும் முன்பே கட்டையை விட்டு விலகிவிடும். விழுந்த துண்டை எடுப்பது பிளேடு முழுதாக நின்ற பிறகுதான்.