புதுப்பிப்பு: நிறுவனர்கள் சந்திப்பு, மூன்று மாதம் கழித்து

ஸ்டார்ட்அப் நடத்துகிறவர்கள் மனம்விட்டுப் பேச ஓர் இடம் வேண்டும், எப்படித் தொடங்குவது என்று முன்பு கேட்டிருந்தேன். "மேடை, பேச்சாளர் எதுவும் வேண்டாம், சும்மா கூடுங்கள்" என்றீர்கள். அப்படியே செய்தோம்.

முதல் இரண்டு சந்திப்பும் சரிவரவில்லை. இருபது பேர் வந்தார்கள். விசிட்டிங் கார்டை நீட்டி, "நன்றாகப் போகிறது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அப்புறம் எட்டுப் பேராகக் குறைத்தோம். முதல் கேள்வியையும் மாற்றினோம்: "இந்த வாரம் எது தூங்கவிடவில்லை?"

ஒருவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, அடுத்த மாதச் சம்பளத்துக்குக் கையில் பணம் இல்லை என்றார். யாரும் அறிவுரை சொல்லவில்லை. அதே நிலையைத் தாண்டி வந்த ஒருவர், தன் பணியாளர்களிடம் அதை எப்படிச் சொன்னார் என்பதை மட்டும் விவரித்தார். மறுநாள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கணக்கைப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

இடவசதி பற்றிக் கேட்டவர்களுக்கு: பெரிய இடம் தேவையில்லை. 1975-ல் அமெரிக்காவில் கணினி ஆர்வலர்கள் தொடங்கிய ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப் முதலில் கூடியது ஒரு வீட்டுக் கார் கராஜில்தான். அந்த நண்பர்கள் நடுவேதான் பின்னர் ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான வோஸ்னியாக் ஆப்பிள் 1 கணினியைக் காட்டினார்.

முதலீட்டாளர்களை அழைக்கலாமா? இப்போதைக்கு வேண்டாம். அவர்கள் எதிரில் சம்பளக் கவலையை யார் வாய்திறந்து சொல்வார்கள்?