மெனாரா மெசினியாகாவில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. நான் கட்டடக்கலை மாணவி. ஆய்வுக்கு மலேசியக் கட்டடக்கலைஞர் கென் இயாங்கை எடுத்திருக்கிறேன். பினாங்கில் பிறந்தவர். நம்முடைய வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற உயரமான கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பதிலேயே வாழ்நாள் உழைப்பைப் போட்டவர்.

அவர் வடிவமைத்து, சுபாங் ஜெயாவில் 1992-இல் கட்டி முடித்த மெனாரா மெசினியாகா என்ற அலுவலகக் கோபுரத்தைத்தான் இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன். மின்தூக்கி, படிக்கட்டு, கழிவறை எல்லாவற்றையும் காலை வெயில் அடிக்கும் கிழக்குப் பக்கம் ஒதுக்கிவிட்டார். சூட்டை அந்தப் பக்கமே தாங்கிக்கொள்ளும், அலுவலகத்துக்குள் வராது. மின்தூக்கி வாசலுக்கு ஏர்கான் கிடையாது, வெளிக்காற்றும் வெளிச்சமும்தான். மாடித் தோட்டங்கள் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். 1995-இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது வாங்கிய கட்டடம் இது.

நான் வளர்ந்த அடுக்குமாடியில் மின்தூக்கி வாசலில் நண்பகலிலும் குழல்விளக்கு எரியும். நடைபாதைக் கொடியில் துணி இரண்டு நாளானாலும் காயாது. அதனால்தான் இந்த வரைபடத்தை என்னால் சட்டென்று கடந்துபோக முடியவில்லை.

அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்: அடைமழையில் மின்தூக்கி வாசலுக்குச் சாரல் வருமா? மாடித் தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்களா, அல்லது அது சும்மா பார்ப்பதற்குத்தானா?

அப்புறம், உயரமான கட்டடங்களை வடிவமைக்கும் அலுவலகத்தில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி. முதல் சில வருடங்கள் உங்கள் கையில் என்ன வேலை கொடுத்தார்கள்? படிக்கட்டும் கழிவறையும் மட்டும் என்றாலும் சரி, எனக்குச் சம்மதம்தான். உண்மை நிலவரம் தெரிந்தால் வீட்டில் பேச உதவும்.