சிப்பருக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

மொழிபெயர்ப்பாளர், சிங்கப்பூர்:

குழுவினருக்கு வணக்கம். சாலையோர மரங்களைக் கவாத்து செய்யும் ஓர் ஒப்பந்த நிறுவனத்துக்காக, கிளைகளைத் துண்டாக்கும் இயந்திரத்துக்கான பாதுகாப்பு அட்டை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். படிக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்து வேலை செய்யும் தம்பிகள். காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் சூப்பர்வைசர் அதை உரக்கப் படிப்பார். அப்புறம் அட்டையை இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டிவிடுவார்கள்.

வெட்டிய கிளையை ஒரு பக்கம் வைத்தால், பல் வைத்த உருளைகள் அதைக் கவ்வி உள்ளே இழுக்கும். உள்ளே கத்தி பூட்டிய பெரிய உருளை நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்கு மேல் சுழன்று கிளையைத் துண்டு துண்டாக்கும். துண்டுகள் மேலே வளைந்த குழாய் வழியாக லாரிக்குள் பாயும். களத்தில் எல்லோருக்கும் அது 'சிப்பர்'. வாடிக்கையாளரோ "சரியான தமிழ்ச்சொல்" வேண்டும் என்கிறார். என் வரைவில் 'மரச்சில்லு இயந்திரம்' என்று போட்டிருக்கிறேன், திருப்தியில்லை. உதவுங்கள்.

யாழ்ப்பாணத்தார், ரொறொன்ரோ:

சில்லு என்றால் எங்களுக்குச் சக்கரம். சைக்கிள் சில்லு, வண்டிச் சில்லு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மரத்தாலே சக்கரம் செய்கிற மெசின் என்றுதான் யாழ்ப்பாணத்தில் விளங்கும். எங்கள் ஊரில் மரத்தை வெட்டுவது என்று சொல்லமாட்டோம், தறிப்பது என்போம். 'கிளைதறிப்பான்' என்று பாருங்கோ.

புலவர், தஞ்சாவூர்:

'மரச்சில்லு இயந்திரம்' கலைச்சொல் அன்று, விளக்கவுரை. கருவிக்குப் பெயர் வைக்க நம்மிடம் இகர விகுதி இருக்கும்போது எதற்கு இவ்வளவு நீளம்? மண்வெட்டி, பாக்குவெட்டி, அரிவாள்மணையில் உட்காரும் தேங்காய்த் துருவி. அந்த வரிசையில் 'கிளைநறுக்கி'. இயல்பு புணர்ச்சி, ஒற்று மிகுமா மிகாதா என்ற வழக்கும் இல்லை. 'தறிப்பான்' நல்ல பழஞ்சொல்தான். ஆனால் தறி என்றதும் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு நெசவுதான் நினைவுக்கு வரும்.

ஐடிஐ பயிற்றுநர், கோவை:

புலவர் ஐயா, விகுதி சரி. அட்டையில் போட்டுப் பாருங்கள். "கிளை நறுக்கி நிற்கும்வரை மூடியைத் திறக்காதே." இதை என் மாணவன் 'கிளையை நறுக்கிவிட்டு, நிற்கும்வரை' என்று வினையெச்சமாகப் படிப்பான். எது நிற்கும்வரை? அவனா, மெஷினா? அட்டையில் சொல்லைச் சேர்த்து எழுதினாலும் சூப்பர்வைசர் வாயில் பிரிந்துதான் வரும். பாக்குவெட்டிக்கு இந்தச் சிக்கல் கிடையாது, பாக்குவெட்டி யார் கையையும் தோளோடு இழுப்பதில்லை.

இன்னொன்று. தென்னந்தோப்பில் ஓலையையும் மட்டையையும் அரைக்கும் கருவியை இங்கே வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கும் மானியத்திலும் தருகிறது. 'துகளாக்கும் கருவி' என்ற பெயர் விவசாயிகளுக்குப் பழகிவிட்டது. அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

சொற்பிறப்பு அன்பர், மதுரை:

துகள் என்பது தூசி. இங்கே வெளியே வருவது தூசி அன்று, விரற்கடை அளவுத் துண்டு. அதற்குத் தமிழில் சொற்பஞ்சமா? தச்சர் சொல்வது சிராய். விரலில் ஏறினால் சிலாம்பு. மெல்லிய குச்சி சிம்பு. சிதைந்தது சிதர். சீவியது சீவல். இவை எல்லாவற்றுக்கும் அடியில் சிறுமைப்பொருள் தரும் 'சி' என்னும் வேர் கிடக்கிறது. இந்த 'சி'யில் பகரம் சேர்ந்தால் சிப்பி, சிப்பம். சிப்பம் என்றால் சிறு மூட்டை. ஆகவே ஆங்கிலேயன் சொல்லும் 'சிப்'பும் நம் வேர்தானோ என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. செருமானியர் இந்தக் கருவியை 'ஹெக்ஸ்லர்' என்பர். 1884இல் மாஸ்புல் என்னும் ஊரில் பீட்டர் யென்சன் இதை முதலில் செய்தபோது

(மீதி நான்கு பத்தியைச் சுருக்கியிருக்கிறேன். முழு மடலும் குழுக் காப்பகத்தில் இருக்கிறது. – மட்டுறுத்துநர்)

என் பரிந்துரை: 'சிதரி'.

யாழ்ப்பாணத்தார்:

அன்பரே, 'சிதரி' என்று எழுதினால் பெடியள் 'சிதறி' என்று வாசிப்பார்கள். பாதுகாப்பு அட்டையின் தலைப்பிலே 'சிதறி' என்று போடுவது அவ்வளவு நல்ல சகுனம் இல்லை.

1884 என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்த சாமுவேல் கிறீன் வைத்தியர் காலமானதும் அதே வருசம்தான். கலைச்சொல்லுக்கு அவர் வைத்திருந்த ஒழுங்கு இது: முதலில் தமிழில் தேடு, கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடு, அதிலும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுது. அந்த மூன்றாவது கதவை எங்கள் ஆட்கள் இப்ப பூட்டிவிட்டார்கள்.

புலவர்:

பூட்டவில்லை. தொல்காப்பியர் வடசொல்லையே 'வடவெழுத்து ஒரீஇ', அதாவது வடவெழுத்தை மட்டும் விலக்கி, வரவேற்றவர். ஆனால் வரவேற்பு வேறு, வந்தவரை வீட்டுக்காரராக்குவது வேறு. 1916இல் சேலத்தில் ராஜாஜி முதலானோர் அறிவியல் கலைச்சொல்லுக்காகத் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் வைத்த நாளிலிருந்து இதே வழக்கு நடக்கிறது. சங்கத்தின் பெயரைப் பாருங்கள், அதில் தமிழ் என்பது ஒரே ஒரு சொல். அந்த நிலையிலிருந்து இவ்வளவு தூரம் வந்தபின் 'சிப்பர்' என்று எழுதி முடிப்பதற்கு ஒரு குழு எதற்கு?

கோவைப் பயிற்றுநர்:

வள்ளுவரே பெயர் வைத்திருக்கிறார் ஐயா. 'சேர்ந்தாரைக் கொல்லி.' இகர விகுதியும் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது. அட்டையே தேவைப்படாது.

புலவர்:

சினத்துக்குச் சொன்னதைச் சிப்பருக்குச் சொல்கிறீர்கள். ஆனாலும் பொருத்தம்தான்.

கிளையாள், சிங்கப்பூர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. மரவேலை சூப்பர்வைசர். தூங்குமூஞ்சி மரம், அங்சானா என்று இங்கே சாலையோரம் நிற்கிற எல்லாவற்றின் கிளையையும் சிப்பரில் விட்டிருக்கிறேன். மன்னிக்கணும், மெஷினுக்கு என்ன பெயர் வைத்தாலும் பையன்கள் சிப்பர் என்றுதான் சொல்வார்கள். எனக்குப் பயம் அந்தப் பெயரில் இல்லை. மொழிபெயர்ப்பாளர் அம்மா எனக்குத் தனியே அனுப்பிய வரைவில் ஒரு வரி இருந்தது:

> கிளைகளை இயந்திரத்துக்குள் ஊட்டவும்.

ஊட்டுவது என்றால் கையால் வாய்க்குள் கொண்டுபோய் வைப்பது. செய்யவே கூடாதது அதுதான். உருளை நிமிடத்துக்கு 30 மீட்டர் போல இழுக்கிறது. கணக்குப் போட்டால் விநாடிக்கு அரை மீட்டர். விரல் நுனி மாட்டினால் 'ஐயோ' என்று சொல்லி முடிப்பதற்குள் முழங்கை போய்விடும். நாம் தள்ளவே வேண்டாம். அடிமரப் பக்கம் முதலில் போகிற மாதிரி கிளையை வைத்தால் மெஷினே பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் கையை எடுத்துவிட்டு விலகிவிட வேண்டும். நேர் எதிரே நிற்கவும் கூடாது. இழுபடும்போது கிளையின் வால் சாட்டை மாதிரி வீசும், கவட்டை இருந்தால் ஆளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகும். பக்கவாட்டில், நடைபாதைப் பக்கம் நிற்கணும். ரோட்டுப் பக்கம் விலகினால் பஸ் வரும்.

குட்டைத் துண்டுகளில்தான் ஆள் ஏமாறுவான். கடைசியாக ஒரு கைப்பிடி குச்சி உருளைக்கு முன்னால் தங்கும். காலால் தள்ளலாமா என்று தோன்றும். தள்ளவே கூடாது. அடுத்து வரும் நீளக் கிளையை அதன்மேல் வைத்தால் அதுவே கொண்டுபோகும், இல்லாவிட்டால் மரத் துடுப்பால் தள்ளணும். தரையில் கூட்டி அள்ளிய குப்பையைச் சிப்பரில் போடவே வேண்டாம். அதில் கல், கம்பி, ஆணி இருக்கும், கத்தி போய்விடும். நேரே லாரியில் கொட்டிவிடலாம்.

அப்புறம் நம்ம ஊர்ப் பையன்கள் வெயிலுக்குக் கழுத்தில் துண்டு போடுவார்கள். வேலை அட்டை கயிற்றில் தொங்கும். மரத்திலிருந்து இறங்கியவன் இடுப்புப் பட்டையைக் கழற்றாமலே கிளை இழுக்க வருவான். அகலக் கைப்பட்டை வைத்த கையுறை, பொத்தான் போடாத முழுக்கை. கிளை கவ்வினால் இவை எல்லாம் பிடிமானம். எல்லாவற்றையும் விட மோசம் ஏறுகயிறு. ஒரு பக்கம் கிளையோடு சிக்கி, மறுபக்கம் இன்னும் மரத்தில் இருக்கிற ஆளோடு கட்டியிருக்கும்.

இதையெல்லாம் எப்படித் தமிழில் சொல்வது என்று குழு பேசினால் நல்லது.

மொழிபெயர்ப்பாளர்:

அண்ணே, நன்றி. 'ஊட்டவும்' என்பதை எடுத்துவிட்டேன். அடுத்த கேள்வி இதிலிருந்தே வருகிறது. கிளையை வைக்கும் அந்த அகன்ற தொட்டி போன்ற வாய்க்கு என்ன சொல்லலாம்? அகராதிப்படி 'உள்ளீட்டுச் சரிவுகுழாய்' என்று எழுதியிருந்தேன், எனக்கே சிரிப்பு வருகிறது. அதன் மேல் விளிம்பில் இருக்கும் கம்பிக்கும் பெயர் வேண்டும்.

கோவைப் பயிற்றுநர்:

வாய் என்றாலே போதுமே. ஆலையில் கரும்பு வைக்கிற இடத்துக்கும் வாய் என்றுதான் சொல்வார்கள்.

புலவர்:

'வாய்' போதாது, துண்டு வெளியே பாயும் இடமும் ஒரு வாய்தான். கிளையாள் எழுதியதைப் படித்தபின் இரவெல்லாம் இது ஓடிக்கொண்டிருந்தது. 'இழுவாய்.' ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. இழுத்த வாய், இழுக்கின்ற வாய், இழுக்கும் வாய். மூன்று காலமும் ஒரு சொல்லுக்குள் அடங்குகிறது. அந்த இடத்தின் ஆபத்தும் அதுதானே? நேற்று இழுத்தது, இப்போது இழுக்கிறது, நாளையும் இழுக்கும்.

சொற்பிறப்பு அன்பர்:

முன்னிலை ஒருமை வினைமுற்றாகக் கொள்ள வாய்ப்புண்டே? 'நீ இழுவாய்.'

புலவர்:

இல்லை. இழு என்பது 'இழுப்பாய்' என்றுதான் வரும். மயக்கத்துக்கு இடமில்லை.

யாழ்ப்பாணத்தார்:

எழுவாய்க்கு ஒரு இழுவாய் கிடைத்துவிட்டது. செயப்படுபொருள் கிளையாகவே இருக்கும்வரை கவலையில்லை.

கிளையாள்:

இழுவாய் நன்றாக இருக்கிறது. முதல் தடவை கேட்டாலே புரியும்.

அந்தக் கம்பியை நாங்கள் 'பார்' என்போம். எங்கள் மெஷினில் அதைத் தள்ளினால் உருளை நிற்கும், எதிர்ப்பக்கம் கடைசிவரை இழுத்தால் உருளை பின்னோக்கிச் சுற்றும். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும், அதனால் அட்டையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்காமல் காலையில் ஒரு தடவை தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று முக்கியம். பார் நிறுத்துவது இழுக்கிற உருளையை மட்டும்தான், கத்தி உருளை சுற்றிக்கொண்டேதான் இருக்கும். எஞ்சினை அணைத்த பிறகும் சில நிமிடம் சுற்றும். சத்தம் அடங்கிவிட்டது என்று மூடியைத் திறந்தவன் கதை இந்தத் தொழிலில் புதிது இல்லை. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, உருளை முழுக்க நின்றதைப் பார்த்து, பூட்டு ஊசியைச் செருகிய பிறகுதான் கத்தியைத் தொடணும்.

புலவர்:

'தடுகோல்.' இதுவும் வினைத்தொகை.

கிளையாள்:

ஐயா, சிவப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறது. 'சிவப்புக் கம்பி' என்று எழுதினால் கண்ணால் தேடிப் பிடிப்பான். கத்திச் சொல்லவும் முடியாது. சத்தம் 100 டெசிபெல் அளவுக்கு இருக்கும், காதில் வேறு அடைப்பான் மாட்டியிருப்பான். கையால் சைகை காட்டினால்தான் உண்டு. அதனால்தான் சிப்பரில் தனி ஆளை விடவே மாட்டோம். மாட்டிக்கொண்டவனுக்குக் கை எட்டாது, இன்னொருவன் அந்தக் கம்பியை அடிக்கணும்.

கோவைப் பயிற்றுநர்:

வரைவில் 'வைக்கவும், விடவும், விலகவும்' என்று இருக்கிறது. இது ரயில் நிலையப் பலகைத் தமிழ். 'வை, விடு, விலகு' என்று வெட்டிப் போடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

வாடிக்கையாளர் ஒருமையில் எழுதக் கூடாது என்பார். வயதான தொழிலாளர்களும் இருக்கிறார்கள், 'வை' என்றால் அதட்டுவது போல் இருக்கும் என்று எனக்கும் தயக்கம்.

கிளையாள்:

அதட்டுகிற மாதிரி இருந்தால் நல்லதுதான் அம்மா.

புலவர்:

மூன்றும் வகரம். மோனை தானாக அமைந்திருக்கிறது, மனத்தில் நிற்கும். ஆத்திசூடியும் ஒருமையில்தான் ஏவுகிறது, அதற்காக ஔவையை யாரும் மரியாதை தெரியாதவர் என்று சொன்னதில்லை.

மொழிபெயர்ப்பாளர்:

வியாழன் இரவு ஆகிவிட்டது. முடிவு என்று சொல்ல முடியாது, கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பில் 'சிப்பர்' போகட்டும் என்றவர்கள் மூவர், என்னையும் சேர்த்து. 'கிளைநறுக்கி'க்குப் புலவர் ஐயா மட்டும். 'சிதரி'க்கு அதைச் சொன்ன அன்பர் மட்டும். யாழ்ப்பாணத்தார் 'கிளைதறிப்பான்' அல்லது சிப்பர், எதுவானாலும் சரி என்கிறார். அட்டை இப்படிப் போகிறது:

> சிப்பர்
> துண்டு, தொங்கும் அட்டை, ஏறுகயிறு, இடுப்புப் பட்டை: எல்லாம் கழற்றிய பிறகே அருகில் வா.
> வேலை தொடங்குமுன் சிவப்புக் கம்பியைத் தள்ளிப் பார். உருளை நிற்கிறதா?
> பக்கவாட்டில் நில். அடிமரம் முதலில். வை, விடு, விலகு.
> இழுவாய்க்குள் கையும் காலும் போகவே கூடாது.
> எஞ்சின் நின்றாலும் கத்தி சுற்றும். சாவி உன் பையில். முழுதும் நின்றபின் பூட்டு ஊசி. பிறகே மூடி.

புலவர்:

'சிப்பர்' என்பதை ஏற்கவில்லை என்பது பதிவாகட்டும். இழுவாயை ஆக்கிக்கொள்ள முடிந்த மொழிக்கு அதைச் சுமக்கும் பொறிக்குப் பெயர் கிடைக்காது என்பதை நம்ப மாட்டேன். திங்களன்று எழுதுகிறேன்.

சொற்பிறப்பு அன்பர்:

'இழு' என்பதன் வேர் பற்றி ஒரு குறிப்பு இணைத்திருக்கிறேன். சற்று நீளம்.

கிளையாள்:

அட்டையை லேமினேட் பண்ணச் சொல்லுங்கள் அம்மா. இங்கே தினமும் மழை.