ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்): குளுக்கோஸ் உள்ளே போக ஏடிபி (செல்லின் எரிபொருள் மூலக்கூறு) செலவாகுமா, ஆகாதா?

பயாலஜி வாத்தியார்: நேற்று ஒரு மகானுபாவர் "ஓஆர்எஸ்-இல் சர்க்கரை தெம்புக்குத்தான், குளுக்கோஸ் தானாகவே குடல் செல்லுக்குள் போய்விடும், ஏடிபி செலவே கிடையாது" என்று எழுதியிருக்கிறார், அதற்கு லைக் வேறு. ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், அதில் என்ன பெரிய தெம்பு? செல்லின் மேல்சவ்வில் உள்ள எஸ்ஜிஎல்டி1 என்ற கடத்திப் புரதம், கூடவே இரண்டு சோடியம் வந்தால்தான் ஒரு குளுக்கோஸை உள்ளே விடும், பின்னாலேயே தண்ணீர் வரும். காலராவிலும் இந்த வழி அடைபடாது. 1971-இல் மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலை வைத்துத்தான் அத்தனை உயிரைக் காப்பாற்றினார்.

உப்புக்கண்டம்: எழுதியது நான்தான், பெயரைச் சொல்ல என்ன கூச்சம்? தெம்பை விடுங்கள். எஸ்ஜிஎல்டி1-இல் ஏடிபி ஒட்டும் இடம் எங்கே? காட்டுங்கள்.

பயாலஜி வாத்தியார்: சோடியம் எதற்கு உள்ளே ஓடி வருகிறது என்று யோசித்தீர்களா? அடிப்பக்கச் சவ்வில் சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்ற புரதம் ஓயாமல் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது, சுற்றுக்கு ஒரு ஏடிபி காலி. அப்படி உள்ளே சோடியம் குறைவதால்தான் வெளியிலிருந்து ஓடி வருகிறது. ஊவபெயின் என்ற நச்சுப்பொருளைப் போட்டு அந்தப் பம்பை நிறுத்திப் பாருங்கள், குளுக்கோஸ் ஏறுவதும் படுத்துவிடும். செலவே இல்லையாம்!

உப்புக்கண்டம்: அது பம்பின் செலவு. நான் கேட்டது எஸ்ஜிஎல்டி1. ஏடிபி ஒட்டும் இடம் எங்கே?

கிளிமூக்கு: மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்பியது யாரோ, கீழே குழாயைத் திறந்து குளிப்பவர் "எனக்குக் கரண்ட் செலவே இல்லை" என்கிறார் 😂

உப்புக்கண்டம்: வந்துவிட்டது ஜால்ரா. இன்சுலின் விவாதத்தில் இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கேலி செய்ததை இன்னும் மறக்கவில்லை.

காவேரிக்கரை: இத்தனை கெமிக்கல் எதற்கு, இளநீர் போதாதா?

பயாலஜி வாத்தியார்: போதாது. இளநீரில் பொட்டாசியம் தூக்கல், சோடியம் கம்மி. 2002-இல் உலக சுகாதார நிறுவனம் மாற்றியமைத்த கலவையில் லிட்டருக்கு சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸும் 75. அந்தச் சரிசமம் சும்மா வைத்ததல்ல.

காவேரிக்கரை: எங்கள் பாட்டி இளநீர் கொடுத்துத்தான் எங்களை எல்லாம் வளர்த்தார். உங்கள் மில்லிமோலை நீங்களே குடியுங்கள்.

கிளிமூக்கு: பாட்டி வந்தாச்சு, இனி விவாதம் உருப்பட்ட மாதிரிதான்.

உப்புக்கண்டம்: இளநீருக்குள் ஒளிந்தது போதும் வாத்தியாரே. ஏடிபி ஒட்டும் இடம்?

பயாலஜி வாத்தியார்: பம்பில்! ஆயிரம் தடவை சொல்லியாச்சு, பம்பில்! 1957-இல் ஸ்கூ என்ற டென்மார்க் விஞ்ஞானி நண்டுக்கால் நரம்பில் அந்தப் பம்பாக வேலை செய்யும் நொதியைக் கண்டுபிடித்தார், அதற்கு 1997-இல் நோபல் கொடுத்தார்கள். போய்ப் படித்துவிட்டு வாருங்கள்.

உப்புக்கண்டம்: நான் குடலைக் கேட்டால் இவர் நண்டைக் காட்டுகிறார்.